மஞ்சள் ஒயருக்கு ஒரு வக்காலத்து

விழுப்புரம் நேருஜி சாலையில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடை. போன மே மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கவுன்ட்டரில் எனக்கு முன்னால் ஒருவர் நின்றிருந்தார். மகனுக்கு பிளேஸ்டேஷன் 5 வாங்கியிருக்கிறாராம், அதற்கு "நல்ல ஒயர்" வேண்டும் என்றார். கடைப்பையன் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வைத்தான். "அண்ணா, இது கோல்டு பிளேட்டடுண்ணா. படம் சும்மா கண்ணாடி மாதிரி இருக்கும். சாதா ஒயர்ல கலர் டல்லடிக்கும்." விலை 1,800 ரூபாய். அவர் யோசிக்கவே இல்லை. ஜிபே பண்ணிவிட்டுக் கிளம்பினார்.

அடுத்து என் முறை. பிளேஸ்டேஷன் 2-க்கு ஏவி ஒயர் கேட்டேன். மஞ்சள், வெள்ளை, சிவப்பு. பையன் சிரித்துக்கொண்டே மேல்தட்டில் கைவிட்டு, தூசி படிந்த ஒரு பாலிதீன் கவரை எடுத்துப் போட்டான். நூல் மாதிரி மெலிந்த ஒயர். கொஞ்சம் தடிமனானது இருக்கிறதா என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்குண்ணா? பழசுதான? எந்த ஒயர் போட்டாலும் அதே படம்தான். அம்பது ரூபா குடுங்க."

ஒரே கவுன்ட்டர், ஐந்தே நிமிடம், இரண்டு பொய்கள். அதுவும் கச்சிதமாகத் தலைகீழான பொய்கள். விலையால் படம் மாறாத இடத்தில் மாறும் என்றான். ஒயரால் படம் மாறும் இடத்தில் மாறாது என்றான். பையன் மேல் எனக்குக் கோபமில்லை. அவன் பொய் சொல்வதாக நினைத்துச் சொல்லவில்லை. டிஜிட்டல் என்றால் தரம், அனலாக் என்றால் குப்பை என்பது இன்று எல்லோருக்கும் தெரிந்த விஷயம். எல்லோருக்கும் தெரிந்த அந்த விஷயம் தப்பு என்று சொல்வதற்காகத்தான் இந்தக் கட்டுரை.

*

அந்த ஒயர் எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். திண்டிவனத்தில் என் அக்கா மகன் ஒருவன் இருக்கிறான், ஏழாவது படிக்கிறான். கல்லூரிக் காலத்தில் நான் செகண்ட் ஹேண்டில் வாங்கிய பிளேஸ்டேஷன் 2 அவனிடம் போய்ச் சேர்ந்தது. அக்கா வீட்டில் புது 43 இன்ச் டிவி. அதன் முதுகில் மஞ்சள் ஓட்டையே கிடையாது. எச்டிஎம்ஐ, யுஎஸ்பி, அவ்வளவுதான். ஆன்லைனில் தேடி, தீப்பெட்டியை விடக் கொஞ்சம் பெரிய கன்வர்ட்டர் ஒன்றை வாங்கினார்கள். ஒரு பக்கம் மஞ்சள் ஒயர் போகும், மறுபக்கம் எச்டிஎம்ஐ வரும். டப்பா மேல் "1080பி" என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. படமும் வந்தது.

பையனுக்குப் பிடித்தது கிரிக்கெட் 07. ஈஏ ஸ்போர்ட்ஸ் 2006-இல் வெளியிட்டு, பிறகு அந்த வரிசையையே கைவிட்டுவிட்ட கேம். ஆனால் நம் ஊர்ப் பையன்கள் இன்னும் விடவில்லை. நான் போயிருந்த அன்று இரண்டு ஓவரில் நாலு விக்கெட் விட்டான். எல்லாம் போல்டு. கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "எனக்கு டைமிங்கே வரல மாமா. நான் ஸ்லோ. என் ஃப்ரெண்டு வீட்ல அவன் சிக்ஸரா அடிக்கிறான்."

நான் வாங்கி ஆடிப் பார்த்தேன். எனக்கும் வரவில்லை. இந்த கேமைத் தூக்கத்தில்கூட ஆடியவன் நான். ஒரு பன்னிரண்டு வயதுப் பையன் தன்னை மந்தம் என்று நம்பிக்கொண்டிருக்கிறான். காரணம் அவன் கையில் இல்லை, டிவிக்குப் பின்னால் தொங்கும் அந்த டப்பாவிலும் டிவியிலும் இருக்கிறது. எனக்குக் கோபம் வந்தது அங்கேதான்.

*

முதலில் அடிப்படை. டிஜிட்டல் ஒயர் என்று தனி உலோகம் எதுவும் கிடையாது. எந்தச் செம்பு ஒயரிலும் ஓடுவது ஏறி இறங்கும் மின்னழுத்தம்தான். அந்தப் பக்கம் இருப்பவர் அதை எப்படிப் படிக்கிறார் என்பதில்தான் வித்தியாசம்.

அனலாக் என்பது பால் கேன். கறந்த பாலை சைக்கிளில் கட்டி டவுனுக்குக் கொண்டுவருகிறீர்கள். வழியில் தளும்பினால் அளவு குறையும், மூடி சரியில்லை என்றால் தூசி விழும். வந்து சேர்வதுதான் பால். அதனால் கேனின் தரம் முக்கியம். டிஜிட்டல் என்பது மணியார்டர். 500 என்று எழுதி அனுப்பினால் 500 வரும், அல்லது வராது. போஸ்ட்மேன் புது பைக்கில் வந்தார் என்பதற்காக 550 ஆகாது.

எச்டிஎம்ஐ ஒயர் மோசமாக இருந்தால் என்ன ஆகும்? படத்தில் வெள்ளைப் புள்ளிகள் மினுங்கும். திரை கறுத்துக் கறுத்து மீளும். இல்லையென்றால் "நோ சிக்னல்". கலர் மட்டும் டல்லடிக்காது. டல்லடிக்க அதற்குத் தெரியாது. நியாயமாக ஒன்றைச் சொல்ல வேண்டும்: ஒயர் நீளமானால், வேகம் கூடினால் இந்தக் கோளாறுகள் வரலாம். எச்டிஎம்ஐ 2.0 விநாடிக்கு 18 கிகாபிட் கேட்கிறது, 2.1 அதிகபட்சம் 48 கிகாபிட். அதைத் தாங்கும் ஒயர் வேண்டும்தான். ஆனால் தாங்குகிறதா, இல்லையா என்பது மட்டுமே கேள்வி. தாங்கும் இரண்டு ஒயர்களில் விலை கூடியது நல்ல படம் தராது. போதாக்குறைக்கு, பிளேஸ்டேஷன் 5 பெட்டிக்குள்ளேயே 2.1 ஒயர் ஒன்று வருகிறது. அந்த அப்பா கொடுத்த 1,800 ரூபாய்க்கு அவர் வாங்கியது மனநிம்மதி மட்டும்தான்.

மஞ்சள் ஒயருக்கு வருவோம். கம்போசிட் என்பார்கள். வெளிச்சம், நிறம் இரண்டையும் ஒன்றாகக் கலந்து ஒரே ஒயரில் அனுப்பும் முறை. டிவி அதைத் திரும்பப் பிரிக்க வேண்டும். முழுசாகப் பிரியாது. எழுத்துகளின் ஓரத்தில் புள்ளிகள் எறும்பு மாதிரி ஊரும், நெருக்கமான கோடுகளில் வானவில் தெரியும். இதெல்லாம் கம்போசிட்டின் பிறவிக் குறைகள், நான் மறைக்கவில்லை. ஆனால் மஞ்சள் ஒயர் 75 ஓம் கோஆக்சியலாக இருக்க வேண்டும், சுற்றிலும் உலோக வலைக் கவசம் வேண்டும். நூல் ஒயரில் அது இருக்காது. பக்கத்து ஒயரில் ஓடும் சத்தம் படத்தில் கோடாக விழும். இங்கே 50 ரூபாய் ஒயருக்கும் 400 ரூபாய் ஒயருக்கும் வித்தியாசம் கண்ணாலேயே தெரியும்.

ஆக, நாம் தாராளமாக இருக்க வேண்டிய இடத்தில் கஞ்சத்தனம் பண்ணுகிறோம். கஞ்சத்தனம் பண்ண வேண்டிய இடத்தில் அள்ளி விடுகிறோம். இரண்டுக்கும் காரணம் ஒரே வார்த்தை.

*

டிஜிட்டல். எங்கள் பக்கம் இந்த வார்த்தை எப்போதோ தன் அர்த்தத்தை இழந்துவிட்டது. டிஜிட்டல் ஸ்டூடியோ, டிஜிட்டல் பேனர், டிஜிட்டல் சவுண்ட் சர்வீஸ். "உயர்தர" என்று முன்பு போர்டில் எழுதிய இடத்தில் இப்போது டிஜிட்டல் என்று எழுதுகிறோம். இதன் உச்சம் 2017-இல் நடந்தது. அரசு கேபிளுக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்து, வீடு வீடாக செட்டாப் பாக்ஸ் வந்தது. டிவி டிஜிட்டலாகிவிட்டது என்று ஊரே பேசிக்கொண்டது. அந்த பாக்ஸை டிவியோடு சேர்த்தது எது? எங்கள் தெருவில் பெரும்பாலான வீடுகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்புதான். 2006 தேர்தல் வாக்குறுதிப்படி அரசு இலவசமாகக் கொடுத்த 14 இன்ச் கலர் டிவிகள் ஒன்றரைக் கோடிக்கும் மேல். அவற்றில் கணிசமானவை அப்போதும் ஓடிக்கொண்டிருந்தன. ஆப்பரேட்டர் அறையிலிருந்து வீட்டு வாசல் வரை டிஜிட்டலாக வந்த படம், கடைசி ஒரு மீட்டரை அனலாக்கில்தான் கடந்தது. ஒருத்தரும் கவனிக்கவில்லை. "டிஜிட்டல் வந்ததும் படம் சூப்பரா இருக்கு" என்றார்கள். இருந்தது, உண்மைதான். ஒரு மீட்டர் நல்ல மஞ்சள் ஒயர் 14 இன்ச் டிவிக்குத் தாராளமாகப் போதும் என்பதற்கு இதைவிடப் பெரிய சோதனைக்கூடம் எது?

*

சரி, அக்கா வீட்டு டப்பாவில் என்னதான் நடந்தது?

விழுப்புரம் ஜங்ஷன் தெரிந்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பிரதான பாதை பிராட்கேஜ் ஆன பிறகும், கடலூர் வழியாக மயிலாடுதுறை போகும் பாதை சில வருடங்கள் மீட்டர்கேஜாகவே இருந்தது. மீட்டர்கேஜ் ரயிலும் ஒழுங்காகப் போகும், பிராட்கேஜ் ரயிலும் ஒழுங்காகப் போகும். அவதியெல்லாம் மாறி ஏறும் பிளாட்பாரத்தில்தான். மூட்டை இறக்கு, தூக்கு, காத்திரு, ஏற்று. நேரம் விரயமாவதும் சாமான் தொலைவதும் அங்கேதான்.

பிளேஸ்டேஷன் 2 பெரும்பாலும் முழுப் படத்தை அனுப்புவதில்லை. ஒற்றைப்படைக் கோடுகள் ஒரு தடவை, இரட்டைப்படைக் கோடுகள் அடுத்த தடவை. இந்தியாவில் நாம் பின்பற்றிய பேல் முறையில் விநாடிக்கு 50 அரைப் படங்கள். ட்யூப் டிவிக்கு இது தாய்மொழி. ஒரு கோடு வந்த கணமே அதைத் திரையில் வரைந்துவிடும், எதையும் சேமித்து வைக்காது. எல்இடி டிவிக்கு முழுப் படம்தான் புரியும். அதனால் டப்பா முதலில் அரைப் படங்களை வாங்கி வைத்து ஒட்டுகிறது. பிறகு 1080 கோடுகளுக்கு இழுக்கிறது. அதை டிவி வாங்கி, தன் பங்குக்கு "ஷார்ப்னஸ்", "மோஷன் ஸ்மூத்" என்று மேக்கப் போடுகிறது. ஒவ்வொரு இடத்திலும் காத்திருப்பு. ஐந்து அரைப் படங்களின் நேரம் தாமதித்தால் பத்தில் ஒரு விநாடி. அவ்வளவுதானே என்று தோன்றும். 140 கிலோமீட்டர் வேகப்பந்து பத்தில் ஒரு விநாடியில் கிட்டத்தட்ட நாலு மீட்டர் நகர்கிறது. பையன் திரையில் பார்த்து ஆடிய பந்து ஏற்கெனவே ஸ்டம்பைத் தாண்டியிருந்தது.

டப்பா மேல் எழுதியிருந்த "1080பி" பொய்யில்லை. வெளியே போவது 1080 கோடுகள்தான். ஆனால் உள்ளே வந்தது என்னவோ அதேதான். 200 பக்க நோட்டில் இருந்ததை ஃப்ளெக்ஸில் பிரின்ட் போட்டால் கையெழுத்து அழகாகிவிடுமா?

*

இதைவிடப் பழைய மெஷின்களில் விஷயம் இன்னும் சுவாரசியம். எங்கள் தலைமுறைக்கு டிவி கேம் என்றால் நின்டெண்டோ 1983-இல் ஜப்பானில் விட்ட ஃபேமிகாமின் நகல்கள். மஞ்சள் கேசட், 9999-இன்-1, வாத்து சுடும் துப்பாக்கி. அசல் ஃபேமிகாமின் படச் சிப் நேரடியாகக் கம்போசிட் சிக்னலைத்தான் உண்டாக்கும். அதற்கு உள்ளே சிவப்பு, பச்சை, நீலம் என்று தனித்தனி எண்கள் கிடையாது. அதாவது "அசல் டிஜிட்டல் படம்" என்ற ஒன்று அங்கே இருந்ததே இல்லை. அந்தப் படம் பிறந்ததே மஞ்சள் ஒயருக்குள்தான். இன்று எமுலேட்டருக்கு எமுலேட்டர் வானத்தின் நீலம் வேறு வேறாக இருப்பதற்கு இதுதான் காரணம். ஒவ்வொருவரும் அந்த அலையை வெவ்வேறு விதமாக மொழிபெயர்க்கிறார்கள்.

1991-இல் வந்த சோனிக் கேமின் முதல் கட்டத்தில் ஒரு அருவி உண்டு. உண்மையில் அது இடைவெளி விட்டுப் போட்ட செங்குத்துக் கோடுகள். மெகா டிரைவ் மெஷினுக்கு ஒளி ஊடுருவும் தண்ணீரை நேரடியாக வரையத் தெரியாது. கம்போசிட் ஒயரில் பக்கத்துப் பக்கத்துப் புள்ளிகள் கலங்குவதால் கோடுகள் கரைந்து தண்ணீராகத் தெரியும். அதையே துல்லியமான டிஜிட்டலில் பாருங்கள், ஜன்னல் கம்பிதான் தெரியும். தெளிவாகத் தெரிவதாலேயே தப்பாகத் தெரியும் படம் அது. ஒயரின் குறையையும் கணக்கில் வைத்து வரைந்தவர்களின் வேலையை, குறையற்ற ஒயர் கெடுக்கிறது.

அந்தத் துப்பாக்கி ஞாபகம் இருக்கிறதா? விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் மின்னும். அந்த வெளிச்சம் குறித்த நேரத்தில் வருகிறதா என்பதைத்தான் துப்பாக்கி பார்க்கும். எல்இடியில் வெளிச்சம் தாமதமாக வரும், துப்பாக்கி குருடாகும். எவ்வளவு விலை உயர்ந்த டிவியாக இருந்தாலும் வாத்து சாகாது.

*

இங்கே இன்னொரு கூட்டம் கைதட்ட வரும், அவர்களையும் நிறுத்த வேண்டும். அனலாக் என்றாலே ஆன்மா, இதம், தெய்வீகம் என்று உருகுகிறவர்கள். எனக்கு அந்த பக்தி கிடையாது. ஆன்டெனா ஓட்டையில் செருகிய டிவி கேமை நான் ஆடியிருக்கிறேன். சேனல் முள்ளைத் திருகித் திருகி விரல் வலிக்கும். படம் மணலாகக் கொட்டும், பக்கத்துச் சேனலின் சத்தம் கசியும். அது மோசமான படம். ஏவி ஒயர் வந்தபோது நாங்கள் கும்பிட்டோம். எஸ்-வீடியோ கம்போசிட்டை விட மேல், கம்போனன்ட் அதைவிட மேல். இன்றைய மெஷினுக்கு எச்டிஎம்ஐதான் சரி. பிளேஸ்டேஷன் 5-ஐ மஞ்சள் ஒயரில் பார்க்க வேண்டும் என்று நான் சொன்னால் என்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்புங்கள்.

அதேபோல, சுத்தமான படத்துக்கு ஸ்டூடியோ மானிட்டரும் உயர்ரக ஸ்கேலரும் இல்லாமல் பழைய கேமைத் தொடவே கூடாது என்று யூட்யூபில் பாடம் எடுக்கிறவர்கள். ரெட்ரோடிங்க் 4கே அற்புதமான கருவிதான். 2023 கடைசியில் வந்தபோது விலை 750 டாலர். திண்டிவனத்தில் ஒரு ஏழாவது படிக்கும் பையனிடம் போய் இதைச் சொல்வது, பசிக்கிறது என்பவனிடம் மெனு கார்டைப் படித்துக் காட்டுவது.

கேபிளுக்குத் தனியாகத் தரம் என்று ஒன்று கிடையாது. பொருத்தம்தான் உண்டு. மெஷின், ஒயர், திரை மூன்றும் ஒரே காலத்தைச் சேர்ந்தவையாக இருந்தால் பத்துக்குப் பத்து. இடையில் மொழிபெயர்ப்பாளர் நுழைந்தால் அவர் நல்லவராக இருக்க வேண்டும், நல்லவர்கள் விலை அதிகம்.

*

பிறகு ஏன் மஞ்சள் ஓட்டையும் கம்போனன்ட் ஓட்டைகளும் காணாமல் போயின? படத் தரம் போதவில்லை என்றா? பிளேஸ்டேஷன் 3-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கம்போனன்ட் என்ற அனலாக் ஒயரில் அது கேம்களை 1080பி வரை அனுப்பும். ஆனால் 2011-இல் வந்த மாடலில், அதே ஒயரில் ப்ளூரே சினிமா போட்டால் பழைய டிவி அளவுக்குப் படத்தைத் தாழ்த்திவிடும். மெஷின் அதேதான், ஒயரும் அதேதான். குறைத்தது இயற்பியல் இல்லை, ஒப்பந்தம். ப்ளூரேயின் பூட்டு விதிகளான ஏஏசிஎஸ், 2010-க்குப் பிறகு தயாராகும் கருவிகளில் சினிமாவின் அனலாக் வெளியீட்டைத் தாழ்த்த வேண்டும், 2013-க்குப் பிறகு நிறுத்தவே வேண்டும் என்றது. "அனலாக் அஸ்தமனம்" என்றே அதற்குப் பெயர். அனலாக் ஒயரில் பூட்டு போட முடியாது, எச்டிஎம்ஐயில் எச்டிசிபி பூட்டு உண்டு. பிளேஸ்டேஷன் 3 எச்டிஎம்ஐயில் கேமுக்குக்கூட அந்தப் பூட்டைப் போட்டிருந்ததால், தங்கள் ஆட்டத்தைப் பதிவுசெய்ய நினைத்தவர்கள் கம்போனன்ட் ஒயரைத்தான் தேடிப் போனார்கள்.

மலிவான டிவியில் ஓட்டைகளைக் குறைத்தால் செலவும் மிச்சம், அதையும் ஒத்துக்கொள்கிறேன். ஆனால் நம்மிடம் சொல்லப்பட்ட கதை அது இல்லை. பூட்டுக்காகவும் சில்லறை மிச்சத்துக்காகவும் எடுத்ததை, நம் கண்ணின் நன்மைக்காக எடுத்ததாகச் சொன்னார்கள். நாமும் பழைய ஒயர் என்றால் கேவலம் என்று கற்றுக்கொண்டோம். உலகம் முழுக்க 15 கோடிக்கும் மேல் விற்ற மெஷின் பிளேஸ்டேஷன் 2. அதெல்லாம் அடுத்தடுத்த கைகளுக்குப் போய்க்கொண்டிருக்கிறது: அண்ணனிடமிருந்து தம்பிக்கு, மாமாவிடமிருந்து மருமகனுக்கு, பாண்டிச்சேரி சண்டே மார்க்கெட்டிலிருந்து யாரோ ஒரு பையனுக்கு. புதுசு வாங்க முடிகிறவனுக்கு இதனால் ஒரு நஷ்டமும் இல்லை. கைமாறி வந்ததை வைத்து ஆடுகிறவனுக்குத்தான் படம் கெடுகிறது. அவனோ டிவியைக் குறை சொல்ல மாட்டான், அது 43 இன்ச், டிஜிட்டல். தன்னைத்தான் சொல்வான்.

*

கடையில் அந்த நூல் ஒயரை நான் வாங்கவில்லை. டிவிடி பிளேயர் காலத்துத் தடித்த ஏவி ஒயர் ஒன்று என் வீட்டுப் பெட்டியில் கிடந்தது, அதன் மஞ்சளை மெஷின் பின்னோடு சால்டர் பண்ணினேன். அக்கா வீட்டுப் பரணில் இலவச டிவி கிடந்தது. "அத எதுக்குடா எறக்குற, பழைய சாமான்காரனுக்குப் போட வெச்சிருக்கேன்" என்றாள் அக்கா. ரிமோட் இல்லை. முன்னால் இருக்கும் பட்டனில் சேனலைக் கீழே கீழே தள்ளி ஏவிக்கு வந்தேன்.

முதல் ஓவரில் பையன் மூன்று பவுண்டரி அடித்தான். நான் எதுவும் சொல்லவில்லை. அவன்தான் திரும்பிப் பார்த்துக் கேட்டான்: "அப்ப நான் ஸ்லோ இல்லையா மாமா?"

அடுத்த முறை ஒயர் வாங்கப் போகிறவர்கள் கடையில் "நல்லது எது" என்று கேட்காதீர்கள், விலை அதிகமானதைத்தான் எடுத்து வைப்பார்கள். என் மெஷினிலிருந்து என்ன கிளம்புகிறது, என் திரைக்கு என்ன புரியும், இடையில் எத்தனை பேர் மொழிபெயர்க்கிறார்கள் என்று கேளுங்கள். புது டிவியேதான் வேண்டும் என்றால் அதில் கேம் மோடைப் போடுங்கள், தாமதம் கொஞ்சமாவது குறையும். பரணில் கிடக்கும் டிவியைப் பழைய சாமான்காரரிடம் போடும் முன், அந்த வீட்டில் ஆடத் தெரிந்த பிள்ளை யாராவது இருக்கிறார்களா என்று ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.